ஓட்டுநர் தேவையா, ஒட்டுநர் தேவையா?
தடித்த சாய்வெழுத்து படுத்தும் பாடு

கடையின் பெயர்ப்பலகை, கோயில் திருவிழாப் பேனர், காற்பந்துக் குழுவின் சட்டை, தொலைக்காட்சித் திரையின் அடியில் வரும் பெயர். எங்கே பார்த்தாலும் இன்று ஒரே வகை எழுத்துதான் அதிகம் கண்ணில் படுகிறது. தடிமனாக இருக்கும். வலப்பக்கம் சாய்ந்திருக்கும். நுனியில் கொக்கியோ குஞ்சமோ இல்லாமல் மொழுமொழுவென்று இருக்கும். ஆங்கிலத்தில் இதை 'போல்ட் இட்டாலிக் சான் செரிப்' என்பார்கள். அச்சகத்துக்குப் போகும் வாடிக்கையாளர் இவ்வளவு சொல்வதில்லை. "நல்லா போல்ட் போட்டு, கொஞ்சம் சாய்ச்சு விடுங்க தம்பி" என்பதோடு முடித்துக்கொள்வார்.

செந்தூல் தமிழர்களின் ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இரயில்வே பட்டறை எழுந்த காலம் முதல் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் இடம். ஜாலான் ஈப்போவிலும் செந்தூல் பாசார் பக்கத்திலும் தமிழ் எழுத்தைத் தேட வேண்டியதில்லை. அதுவே எதிரே வந்து நிற்கும். ஆனால் நிற்கிற தமிழை எத்தனை பேர் படிக்கிறார்கள்? தமிழ் எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு, மேலே உள்ள மலாய் வரியைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்?

இதற்கு மொழிப்பற்று குறைந்ததுதான் காரணம் என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். எழுத்தே படிக்க முடியாதபடி இருந்தால் பற்று உள்ளவரும் என்ன செய்வார்? ஆகவே இந்தத் தடித்த சாய்வெழுத்து எங்கிருந்து வந்தது, எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மூன்று குணங்கள், மூன்று பிறப்புகள்

இந்த எழுத்தின் மூன்று குணங்களும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல.

முதலில் பிறந்தது சாய்வு. இத்தாலியின் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளர், பிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற எழுத்து வெட்டுநரைக் கொண்டு சாய்வெழுத்தை உருவாக்கினார். 1501-இல் வர்ஜில் என்ற இலத்தீன் கவிஞரின் நூலை முழுக்க முழுக்க அந்த எழுத்திலேயே அச்சிட்டார். இத்தாலியில் பிறந்ததால்தான் அதற்கு 'இட்டாலிக்' என்று பெயர். அன்றைய அறிஞர்கள் வேகமாக எழுதும் கையெழுத்துதான் அதற்கு மாதிரி. அழுத்திச் சொல்வதற்காக அது பிறக்கவில்லை. கையடக்கமான புத்தகங்களுக்கு ஏற்ற நெருக்கமான எழுத்தாகவே முதலில் பயன்பட்டது.

தடிமன் வெகுகாலம் கழித்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் சுவரொட்டி விளம்பரம் பெருகியது. தெருவில் போகிறவனை நிறுத்திப் படிக்க வைக்க வேண்டும். அதற்காக எழுத்து கொழுத்தது. தமிழில் நாம் 'கொட்டை எழுத்து' என்று சொல்வதும் இதே வேலைக்குத்தான்.

மூன்றாவது, கொக்கி இல்லாமை. 1816-இல் இலண்டனின் நான்காம் வில்லியம் காஸ்லன் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில்தான் நுனிக்கோடு இல்லாத ஆங்கில அச்செழுத்து முதன்முதலில் இடம்பெற்றது. கல்வெட்டு எழுத்துபோல் மொட்டையாக இருந்த அதைப் பலர் அப்போது பொருட்படுத்தவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அதுவே ராஜாவாகிவிட்டது. 1927-இல் ஜெர்மனியின் பால் ரென்னர் வடித்த ஃபியூச்சுரா, 1957-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து பின்னர் ஹெல்வெட்டிக்கா என்று பெயர் பெற்ற எழுத்து, அதே ஆண்டு வந்த யூனிவர்ஸ் ஆகிய மூன்றும் உலகத்தையே சுற்றி வந்தன.

இம்மூன்று குணங்களும் ஒன்று சேர்ந்தபோது கிடைத்ததுதான் நாம் இன்று காண்கிற எழுத்து. நைக்கி காலணி நிறுவனம் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டது ஃபியூச்சுராவின் தடித்த, ஒடுக்கிய, சாய்ந்த வடிவத்தை. அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர், சிவப்புப் பட்டையில் வெள்ளை நிறத் தடித்த சாய்வெழுத்தை வைத்தே தம் படைப்புகளை அடையாளம் காட்டினார். விசா கடன் அட்டையின் பெயரும் சாய்ந்துதான் நிற்கிறது.

ஏன் ஓடுவதுபோல் தெரிகிறது?

நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். கண் போகும் திசையிலேயே எழுத்தும் சாய்ந்தால், அதுவும் நம்மோடு சேர்ந்து ஓடுவதுபோல் தோன்றுகிறது. ஓட்டப் பந்தய வீரன் உடலை முன்னே சாய்த்துத்தானே ஓடுகிறான்? அதே உணர்வுதான். தடிமன் சேரும்போது ஓடுகிறவன் பலசாலியாகவும் தெரிகிறான். கொக்கிகள் இல்லாததால் பழமைச் சாயல் போய் இளமை வந்துவிடுகிறது.

வேகம், பலம், இளமை. இந்த மூன்றையும் சொல்ல வேண்டிய இடத்தில் இந்த எழுத்துக்கு ஈடு இல்லை. ஆனால் எல்லா இடத்திலும் இந்த மூன்றையும் சொல்ல வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நல்ல எழுத்து வடிவமைப்பாளர் நேர் எழுத்தை வெறுமனே தள்ளிச் சாய்ப்பதில்லை. ஒரு வட்டத்தை அப்படித் தள்ளினால் அதன் வலது மேல் பக்கமும் இடது கீழ்ப் பக்கமும் தடித்துவிடும்; இடது மேல் பக்கமும் வலது கீழ்ப் பக்கமும் மெலிந்துவிடும். பூசணிக்காயை ஒரு பக்கம் நசுக்கியது போல் ஆகிவிடும். வடிவமைப்பாளர் ஒவ்வோர் எழுத்தையும் எடுத்து இந்தக் கோணலைத் திருத்துகிறார். ஹெல்வெட்டிக்காவின் சாய்வு 12 பாகை. அதற்கு மேல் கூடினால் எழுத்து ஓடுவதுபோல் தெரியாது. தடுக்கி விழுவதுபோல் தெரியும்.

தமிழுக்கு வந்தபோது என்ன ஆனது?

தமிழில் அச்சு 1578-இலேயே வந்துவிட்டது. கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அதற்குச் சான்று. இருந்தும் ஆங்கிலத்தில் போலச் சாய்வெழுத்து தனி மரபாகத் தமிழில் வளரவில்லை. அழுத்திச் சொல்ல வேண்டுமானால் எழுத்தைப் பெரிதாக்கினார்கள் அல்லது தடிமனாக்கினார்கள். சாய்ப்பது தமிழுக்கு வழக்கமாக இருக்கவில்லை.

கணினி வந்தபோதுதான் நிலைமை மாறியது. இதில் மலேசியாவுக்குப் பெருமை உண்டு. 1980களின் நடுவில் கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு மென்பொருள், உலகெங்கும் தமிழர் கணினியில் எழுத வழி செய்தது. ஆப்பிள் கணினிகளில் உள்ள இணைமதி எழுத்துரு அவர் வடித்ததே.

ஆனால் பொதுவாகத் தமிழ் எழுத்துருக்களில் நேர் வடிவமும் தடித்த வடிவமும்தான் இருக்கும். விண்டோஸ் கணினியில் வந்த லதாவில் இந்த இரண்டும்தான். கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழில் மெலிந்தது முதல் மிகத் தடித்தது வரை 9 படிகள் உண்டு, சாய்வு இல்லை. அப்படியானால் திரையில் 'இட்டாலிக்' பொத்தானை அழுத்தியதும் சாய்கிறதே, அது எப்படி? கணினியே எழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுகிறது. எவ்வளவு தள்ளுவது என்பதும் ஒரே அளவாக இல்லை. இணைய உலாவிகளுக்கான விதியில், கோணம் சொல்லாவிட்டால் 14 பாகை. சில மென்பொருள்கள் அதைவிட அதிகமாகவும் சாய்க்கின்றன. திருத்துவதற்கு அங்கே மனிதக் கண் இல்லை.

புள்ளி எங்கே போகிறது?

ஆங்கிலப் பேரெழுத்துகள் பெரும்பாலும் ஒரே உயரத்தில் அடங்கிவிடும். தமிழ் அப்படி அல்ல. மேலே புள்ளி, இகர ஈகார வளைவுகள். கீழே உகர ஊகார வால்கள். ஒரு மாடி வீடு என்று நினைத்துக் கட்டத் தொடங்கினால் மேலே ஒரு தளமும் கீழே ஒரு தளமும் இருக்கும்.

எழுத்தைச் சாய்க்கும்போது அடிக்கோட்டுக்கு மேலே உள்ளவை வலப்பக்கம் நகரும். கீழே உள்ளவை இடப்பக்கம் நகரும். கணக்கு எளிது. அடிக்கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 பாகை சாய்த்தால் அது ஏறக்குறைய 6.4 சென்டிமீட்டர் வலப்பக்கம் போகும். 20 பாகை சாய்த்தால் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் போகும். 'ர்' போன்ற ஒல்லியான எழுத்தின் புள்ளி, பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். 'ர்' வெறும் 'ர' ஆகும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் புள்ளி கிடைக்கும்.

புள்ளி சின்னதுதானே என்று விட்டுவிட முடியாது. 'கால்' என்பதில் புள்ளி போனால் 'கால'. 'மின்' என்பதில் புள்ளி போனால் 'மின'. உயிரை எடுத்துவிட்டு மெய்யாக்குவதே அந்தப் புள்ளிதான். ஓலையில் எழுதிய காலத்தில், எழுத்தாணி குத்தி ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியை விட்டார்கள். படிப்பவர் புலவர், இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். லாரியில் போகிறவர் பேனரைப் பார்த்து அப்படி ஆராய்ச்சி செய்ய முடியுமா?

சுழி அடைபட்டால் பொருள் மாறும்

சாய்வு புள்ளியைக் கெடுக்கிறது என்றால், தடிமன் சுழியைக் கெடுக்கிறது. தமிழ் எழுத்தின் உயிர் சுழியில் இருக்கிறது. இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண'. தடிமன் கூடக் கூட, சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் அடைந்துகொண்டே வரும். கடைசியில் இரண்டும் ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரியும். 'பணி நேரம்' என்று எழுதியது 'பனி நேரம்' ஆகிவிடும். மலேசிய வெயிலில் பனிக்கு எங்கே போவது?

குறில் நெடில் நிலைமை இன்னும் மோசம். 'ஒ' எழுத்துக்கும் 'ஓ' எழுத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சின்னச் சுழிப்பு. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் இடையே உள்ளதும் அப்படித்தான். அந்தச் சுழிப்பு அடைந்தால் 'கோடி' 'கொடி' ஆகும். 'பேட்டி' 'பெட்டி' ஆகும். 'ஓட்டுநர் தேவை' என்று லாரி நிறுவனம் ஒட்டிய விளம்பரம், 'ஒட்டுநர் தேவை' என்று ஆகி, சுவரொட்டி ஒட்டுகிறவரைத் தேடும்.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்த விளம்பரத்துக்குப் பணம் கட்டியவருக்குச் சிரிப்பு வராது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் இருக்கும் பிள்ளைக்கும் அது சிரிப்பு அல்ல. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் 'ன', 'ண' வேறுபாட்டைக் கற்றுக்கொண்ட பிள்ளை, தெருவில் இரண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்க்கிறது. பள்ளி ஒன்று சொல்கிறது, வீதி வேறொன்று சொல்கிறது. பிள்ளை எதை நம்பும்?

இட நெருக்கடி என்ற இன்னொரு சிக்கல்

கோலாலம்பூரில் பெயர்ப்பலகையில் தேசிய மொழி முதன்மையாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது மாநகர் மன்றத்தின் விதி. அது சட்டம்; மதித்து நடக்க வேண்டும். ஆகவே தமிழுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் கீழே ஒரு பட்டை. தமிழ்ச் சொற்களோ நீளமானவை. 'முடிதிருத்தும் நிலையம்' என்று எழுத எவ்வளவு அகலம் வேண்டும்!

இந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது. அகலம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்குகிறார்கள். அமுக்கியதால் மெலிந்தது என்று தடிமன் ஏற்றுகிறார்கள். வேகமாகத் தெரியட்டும் என்று சாய்க்கிறார்கள். மூன்று தண்டனைகளையும் ஒரே எழுத்து தாங்குகிறது. கிடைத்த கொஞ்ச இடத்தையும் படிக்க முடியாத தமிழால் நிரப்பினால், பிறகு அந்த இடம் எதற்கு?

குறுகிய பட்டைக்கு ஏற்றது மிதமான தடிமன் கொண்ட நேர் எழுத்துதான். சொல்லையும் சுருக்கலாம். 'நிலையம்' இல்லாமலே 'முடிதிருத்தகம்' என்றால் போதாதா?

வாகன எண் பலகை சொல்லும் பாடம்

எழுத்து படிக்கப்பட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கும் ஓர் இடம் வாகன எண் பலகை. சாலைப் போக்குவரத்துத் துறை கார்களுக்கு விதித்துள்ள எழுத்தின் உயரம் 70 மில்லிமீட்டர், அகலம் 40 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர். எழுத்து தடித்ததுதான், கொக்கி இல்லாததுதான். ஆனால் நேராக நிற்க வேண்டும். சில சிறப்பு வரிசைகளைத் தவிர, ஆசைக்காகச் சாய்த்தும் வளைத்தும் எண்ணை எழுதினால் அபராதம் கட்ட வேண்டியதுதான்.

காரணம் என்ன? விபத்து நடந்த இடத்தில் ஒரு விநாடி பார்த்தவர் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். அங்கே அழகுக்கு இடமில்லை. தடிமனைக் கவனியுங்கள்: உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. எழுத்துக்குள் வெள்ளை இடம் தாராளமாக இருக்கிறது. மூன்று சுழி எழுத்தை வைத்திருக்கும் தமிழுக்கு அந்த அளவே அதிகம்தான். சாலை அறிவிப்புப் பலகைகளையும் பாருங்கள். ஊர்ப் பெயர் நேராகவே நிற்கிறது. ஓடுவது நாம்; ஆகவே பலகை நிற்க வேண்டும்.

எங்கே பொருந்தும்?

அப்படியானால் இந்த எழுத்தை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. மிளகாய் காரம் என்பதற்காகச் சமையலை விட்டு விலக்குகிறோமா? அளவு தெரிந்தால் போதும்.

காற்பந்து, பூப்பந்து, கபடிக் குழுக்களின் பெயர், போட்டியின் பேனர், மோட்டார்சைக்கிள் பட்டறை, பொருள் அனுப்பும் சேவை, 'மாபெரும் மலிவு விற்பனை' போன்ற அறிவிப்பு. இங்கெல்லாம் தடித்த சாய்வெழுத்து தன் வேலையைச் சரியாகச் செய்யும். ஒரு சொல், மிஞ்சினால் மூன்று சொல். பெரிய அளவு. சுற்றிலும் காலி இடம். சாய்வு 12 பாகைக்குள். இவ்வளவுதான் நிபந்தனை.

பத்திரிகையில் செய்தியின் நடுவே வரும் துணைத் தலைப்புக்கும் பொருந்தும். மற்ற எழுத்தெல்லாம் நேராக நிற்கும்போதுதான் சாய்ந்த ஒன்று கண்ணில் படும். எல்லாரும் சாய்ந்தால் யார் சாய்ந்தது என்றே தெரியாது.

சாய்வுக்காகவே வடிக்கப்பட்ட எழுத்தை எடுத்துக்கொள்வது நல்லது. இலங்கையின் தாரிக் அஸீஸ் வடித்த கவிவாணர், கையெழுத்துச் சாயலில் பிறவியிலேயே சாய்ந்த எழுத்து. நோட்டோ செரிப் தமிழுக்குச் சாய்ந்த வடிவம் தனியாக உண்டு. வெறும் தடிமன் போதும் என்றால் பலூ தம்பி என்ற கொழுத்த எழுத்து இருக்கிறது. இவை யாவும் இலவசமாகக் கிடைக்கின்றன.

எங்கே கூடாது?

நீண்ட செய்தியைச் சாய்வில் அச்சிடக் கூடாது. நாலாவது வரியிலேயே கண் களைத்துவிடும். பாலர் பள்ளிப் புத்தகத்தில் கூடாது. மருந்து உட்கொள்ளும் முறை, தொழிற்சாலையில் ஆபத்து எச்சரிக்கை, அவசரத் தொலைபேசி எண் ஆகியவற்றில் அறவே கூடாது. தொழிற்சாலையில் 'தொடாதே' என்று எழுதுவது அழகுக்காக அல்ல. ஒருவரின் கை போகாமல் இருப்பதற்காக.

தொலைக்காட்சியிலும் கவனம் தேவை. பழைய திரைகளில் சாய்ந்த கோடு படிக்கட்டுபோல் பல்லிளிக்கும். 2019-இல் நம் நாட்டில் அனலாக் ஒளிபரப்பு முடிந்து படம் தெளிவானது. ஆனால் இப்போது பலர் பார்ப்பது கைப்பேசியின் சின்னத் திரையில். கீழே ஓடும் வரி சாய்ந்தும் இருந்தால், ஓடுவதும் சாய்வதும் சேர்ந்து தலை சுற்றும். ஓடும் வரிக்கு நேர் எழுத்தே மரியாதை.

மரியாதை என்றதும் இன்னொன்று. மரண அறிவிப்பும் நினைவஞ்சலியும் பலமுறை இந்த எழுத்திலேயே வருகின்றன. போய்ச் சேர்ந்தவரின் பெயரை மலிவு விற்பனை வேகத்தில் ஓட விடலாமா? அங்கே எழுத்து நின்று நிதானமாகத் தலை வணங்க வேண்டும். திருமண அழைப்பிதழுக்கும் அப்படியே. அதிலும் 'திருமணம்' என்ற சொல்லில் மூன்று சுழி தெளிவாக இருப்பது இரு வீட்டாருக்கும் நல்லது.

அச்சகத்துக்குப் போகும் முன்

சில எளிய சோதனைகளை யாரும் செய்யலாம்.

மாதிரியைக் கணினித் திரையில் மட்டும் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டித் தள்ளி நின்று பாருங்கள். பெயர்ப்பலகைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: ஆங்கில எழுத்தை ஓர் அங்குல உயரத்துக்குப் பத்து அடி தூரத்திலிருந்து சுகமாகப் படிக்கலாம். அறுபது அடி தள்ளி இருக்கும் எதிர்ச் சாரியிலிருந்து படிக்க ஆறு அங்குலம் வேண்டும். சுழியும் புள்ளியும் உள்ள தமிழுக்கு அதைவிடக் கூடுதலாகவே வையுங்கள்.

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். அப்போதும் 'ன', 'ண' பிரிந்து தெரிந்தால் தடிமன் சரி. கறுப்புக் கட்டியாகத் தெரிந்தால் ஒரு படி குறையுங்கள்.

புள்ளிகளை எண்ணுங்கள். ஒவ்வொரு புள்ளியும் தன் எழுத்தின் தலையில்தான் இருக்கிறதா? இல்லையென்றால் அச்சகத்துத் தம்பியிடம் எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் அகற்றச் சொல்லுங்கள் அல்லது சாய்வைக் குறைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

கடைசியாக, வீட்டில் உள்ள சின்னப் பிள்ளையிடமோ கண்ணாடி போட்ட பாட்டியிடமோ காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறாமல் படித்தால் ஊரே படிக்கும்.

பலகையில் தமிழ் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. கிடைத்த பலகையில் படிக்கத் தக்க தமிழை வைப்பது நம் கடமை. அடுத்த முறை பேனருக்குச் சொல்லும்போது, 'போல்ட் போட்டுச் சாய்த்து விடுங்கள்' என்பதற்கு முன்னால் 'இதை யார், எவ்வளவு தூரத்திலிருந்து படிக்கப் போகிறார்கள்?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எழுத்து நிற்க வேண்டுமா, ஓட வேண்டுமா என்பதற்கு விடை அதிலேயே கிடைத்துவிடும்.